கஞ்சிக்கு உப்புப் பார்த்தவன்

உக்காருங்க சார். அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இந்த டயர் மேல உக்காருங்க. ஆணி ஏறியிருக்கு, டியூப்பைக் கழட்டித்தான் பாக்கணும். அவசரமா? அவசரம்னா நான் என்ன செய்ய, அதை ஆணிகிட்ட சொல்லுங்க.

மூக்கை உறிஞ்சுறீங்க, என்ன வாசனைன்னு பாக்குறீங்களா? கஞ்சி. நோம்புக் கஞ்சி. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல், செவுத்த ஒட்டித்தான் அடுப்பு. நல்லா வாசனை வருதா? எனக்கு வரலை. வர்ற மாதிரி காய்ச்சினாத்தானே வரும்.

கோவமா பேசுறேன்னு நெனைக்காதீங்க. கோவம்தான். ஆனா உங்க மேல இல்லை. நீங்க யாரோ, எந்த ஊரோ. உங்ககிட்டதான் நான் பேச முடியும். இந்தத் தெருவுல எவன்கிட்டயும் பேச முடியாது. எல்லாம் கூட்டுக் களவாணிங்க.

அங்க கஞ்சி காய்ச்சுறானே, அவன் பேரு பக்கீர் மைதீன். பக்கீர் பாய்னு சொல்லுவாங்க. எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மச்சான். என்ன உறவுன்னு கேக்காதீங்க, அவன் துலுக்கன், நான் காளியம்மன் கும்புடுறவன், என்ன உறவு இருக்க முடியும். சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான். மத்த மாசமெல்லாம் மரக்கடையில வேலை பாப்பான். ரம்ஜான் மாசம் பொறந்துட்டா அண்டாவுக்கு முன்னாடி நின்னுருவான். பெரிய அண்டா சார், உங்களையும் என்னையும் உள்ள உக்கார வெச்சு மூடி போடலாம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொத்துக்கறி, கடைசியில தேங்காப்பால். சாயங்காலம் அசருக்குப் பாங்கு சொன்னதும் தெருவே தூக்குவாளியோட வந்து நிக்கும். சாமி கும்புடுற வீட்டுப் பிள்ளைங்களும் நிக்கும். யாரு, என்னன்னு கேக்க மாட்டான், ஊத்திக்கிட்டே இருப்பான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, கவனிச்சீங்களா? யாருக்கும் தோணாது. காய்ச்சுறவன் நோம்பு. தண்ணி கூடத் தொண்டையில எறங்கக் கூடாது. வெறகு தள்ளுறவன் நோம்பு, கறி கொத்துறவன் நோம்பு. அப்புறம் உப்புப் பாக்குறது யாரு?

நாக்கு நுனியில தொட்டுட்டுத் துப்பிரலாம், மார்க்கத்துல அதுக்கு எடம் இருக்குன்னு தொழுகை நடத்துற ஹஜ்ரத்தே சொல்லியிருக்காரு. இவன் கேக்க மாட்டான். ‘எடம் இருக்கு மச்சான், ஆனா எனக்குத் தொண்டை பெருசு, கை தவறி உள்ள போயிரும்’பான். அதனால செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்புடுவான். ‘மச்சான், வா.’ அவ்வளவுதான். நான் போவேன். கரண்டியில எடுத்து உள்ளங்கையில ஊத்துவான். நக்கிப் பாத்துட்டுச் சொல்லுவேன், ஒரு கை போடு, அரைக்கை போடு, போதும், எறக்கு. நான் எறக்குன்னு சொல்லாம அந்த அண்டா எறங்காது. ஹஜ்ரத்து நிப்பாரு, ஜமாத் தலைவர் நிப்பாரு, எல்லாரும் என் மொகத்தையே பாப்பாங்க. நான் வேணும்னே கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன்.

எங்க காளியம்மன் கோயில் திருவிழாவுல எனக்கு என்ன வேலை தெரியுமா? சீரியல் பல்பு கட்டுறவனுக்கு ஏணி பிடிக்கணும். அது என் கோயில். இங்க பாருங்க, எனக்குச் சம்பந்தமே இல்லாத எடம், எங்க அப்பன் ஆயி மிதிச்ச எடம் இல்லை, இங்க நான் சொன்னாத்தான் கஞ்சி.

சும்மா ஒண்ணும் இல்லை சார், நானும் அந்த மாசம் கட்டுப்பாடா இருப்பேன். மத்தியானத்துக்கு மேல வெத்தலை கெடையாது. டீ கெடையாது. பீடியைத் தொட மாட்டேன். சூடா எதுவும் வாயில வைக்க மாட்டேன். நாக்கு சுத்தமா இருக்கணும்ல. ‘நீங்களும் அரை நோம்பு வெச்சிருக்கீங்க’ன்னு எங்க வீட்டுல கேலி பண்ணும். அங்கம்மாள்னு பேரு. நல்ல பொம்பளைதான். நல்ல பொம்பளைன்னுதான் நேத்து சாயங்காலம் வரைக்கும் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

இந்தா பாருங்க, தண்ணியில காத்து முட்டை விடுது பாத்தீங்களா, இங்கதான் ஓட்டை. நல்ல ஆணி. சுத்தமா எறங்கியிருக்கு.

எங்க விட்டேன்? ஆமா. போன வருஷம் ரம்ஜானுக்கு முந்தி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. மண்டையைப் பொளக்குற காய்ச்சல். கெடந்து எந்திரிச்சேன். எந்திரிச்சுப் பாத்தா சார், இந்த ஊருல ஒருத்தனுக்கும் சமைக்கத் தெரியலை. அப்படி ஒரு அதிசயம். முக்குக் கடை சால்னா சப்புன்னு இருக்கு. பஸ் ஸ்டாண்டு கிளப்புக் கடை சாம்பார் வெந்நி மாதிரி இருக்கு. சப்ளையர்கிட்ட சண்டை போட்டேன், அவன் மொதலாளியைக் கூட்டியாந்தான், மொதலாளி ஒரு வாய் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குங்கிறான். அவனவன் செய்யிறதை அவனவன் நல்லா இல்லைன்னா சொல்லுவான்? அங்கம்மாள் வெக்கிற மீன் கொழம்புக்கு நாலு தெரு மணக்கும், அதுவே பச்சத்தண்ணி. எல்லாரும் ஒண்ணாக் கூடிப் பேசி உப்பைக் கொறைச்ச மாதிரி. நான் என்ன செஞ்சேன், இந்தா, சட்டைப் பையிலயே ஒரு பொட்டலம் வெச்சுக்கிட்டேன். எங்க போனாலும் போட்டுக்கிறது.

அப்புறம் நோம்பு வந்துச்சு. மாப்ள கூப்புட்டான். போனேன். நக்கிப் பாத்தா ஒண்ணுமே இல்லை. என்ன மாப்ள, கைக்கு வயசாயிருச்சா, உப்பு எங்கன்னேன். அவன் ஒரு மாதிரி பாத்தான். ‘போட்டேனே மச்சான்.’ போட்டிருந்தா எங்க போச்சு, கால் மொளைச்சு நடந்து போச்சா? போடு ஒரு கை. போட்டான். இன்னொரு கை. போட்டான். அந்த மாசம் பூரா நான் சொன்னதைச் செஞ்சான். ஒருநாள் துண்டை விட்டுட்டு வந்துட்டேன்னு திரும்பிப் போறேன், அண்டாவுல கொடம் கொடமா தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கான். என்னடான்னா, ‘இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி மச்சான்’ங்கிறான். பாருங்க, நான் உப்புப் பாத்த கஞ்சிக்கு எவ்வளவு கூட்டம்னு சந்தோசமா வந்துட்டேன்.

சரி, இந்த வருஷத்துக்கு வாங்க. மொத நோம்பு அன்னிக்குக் கடையைச் சீக்கிரமா ஒதுங்க வெச்சேன். கையில இருக்கிற கிரீஸ் போக சீயக்கா போட்டுத் தேச்சேன். வெளுத்த வேட்டி கட்டினேன். உக்காந்திருக்கேன். கூப்புடலை. காத்து அடிக்க வந்தவனைக்கூட அப்புறம் வாடான்னு அனுப்பிட்டு உக்காந்திருக்கேன். கூப்புடலை. பாத்தா, எதுத்த ஜெராக்ஸ் கடை சவரிமுத்து, கையைத் தொடைச்சுக்கிட்டே பள்ளிவாசலுக்குள்ள போறான்.

சவரிமுத்து யாருன்னு கேளுங்க. பழைய சோத்துக்கும் பிரியாணிக்கும் வித்தியாசம் தெரியாதவன். பொண்டாட்டி எதைப் போட்டாலும் பேப்பர் படிச்சுக்கிட்டே திங்கிறவன். அவன் உப்புப் பாக்குறானாம். அதைக்கூட விடுங்க சார். இப்ப என்ன மாசம்? அவங்களுக்குத் தவக்காலம். சாம்பல் புதன்ல நெத்தியில பூசிக்கிட்டு வந்தான்ல, ஈஸ்டர் வரைக்கும் கவுச்சி தொட மாட்டான். நோம்புக் கஞ்சியில கொத்துக்கறி கெடக்கு. எப்படிப் பாப்பான்? விசாரிச்சேன். கறியைப் போடுறதுக்கு முன்னாடியே ஒரு டம்ளர் எடுத்து அவனுக்குத் தனியாக் காட்டுறாங்களாம். கறி விழுந்ததுக்கு அப்புறம் உப்பு எங்க போகும்னு அவனுக்கு என்ன தெரியும்? பட்டினி கெடக்குறவன் காய்ச்சுற கஞ்சிக்குப் பத்தியம் இருக்கிறவன் ருசி பாக்குறான். நானு, முழுசாத் திங்கிறவன், எந்த விரதமும் இல்லாதவன், செவுத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அன்னிக்குச் சாயங்காலம் மாப்ள தூக்குவாளியில கஞ்சி கொண்டாந்தான். கடை வாசல்ல நிக்கிறான். நான் நிமிந்தே பாக்கலை. ‘மச்சான், உனக்குப் பிரஷர் இருக்குன்னு தங்கச்சி சொல்லுச்சு. உப்பு ஆகாதாம்ல. அதான்.’ எனக்குப் பிரஷர் இருக்கு, அது எனக்குத் தெரியும். உள்ளங்கை கஞ்சியிலதான் நான் சாகப் போறேனா? அங்க வெச்சுட்டுப் போன்னேன். போயிட்டான். தெனம் வருவான், வாளியை வெப்பான், போவான். தெனம் நான் பேச மாட்டேன். ஆனா ஒண்ணு சார், வெத்தலையைத் தொடலை. டீயையும் தொடலை. யாரும் கூப்புடாத நாக்கைத் தெனம் சுத்தமா வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க.

நேத்து பொறுக்க முடியலை. அசருக்கு முன்னாடி எந்திரிச்சு நேரா உள்ள போயிட்டேன். சவரிமுத்து அப்பத்தான் பாத்துட்டு, சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். கரண்டியைப் புடுங்கி நானே கையில ஊத்திக்கிட்டேன். ஒண்ணும் இல்லை சார். ஒண்ணுமே இல்லை. வெறும் சூடு. அத்தனை பேரு காலையில இருந்து எச்சி முழுங்காம கெடந்துட்டு வந்து இதையா குடிக்கிறதுன்னு எனக்கு அப்படியே பொங்கிருச்சு. இதுக்குப் பேரு கஞ்சியாடான்னேன். உப்புப் பானைக்குள்ள கையை விட்டேன். அள்ளிப் போட்டேன். மறுபடியும் அள்ளிப் போட்டேன். வெறகு தள்ளுறவன் ‘ஐயோ’ன்னான். தலைவர் ஏதோ சொல்ல வாயத் தொறந்தாரு, மாப்ள கையைக் காட்டி அவரை நிப்பாட்டிட்டான். என்னைப் பாத்து, ‘சரி மச்சான்’னான். கிண்ட ஆரம்பிச்சுட்டான்.

செயிச்சுட்டேன்னு நெனைச்சு வீட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரத்துல எங்க வீட்டுக்கும் வாளி வந்துச்சு. அங்கம்மாள் ஒரு வாய் வெச்சா. அப்படியே ஓடிப்போய் முற்றத்துல துப்பிட்டு வந்தா. வந்து என் முன்னாடி நின்னா.

‘இந்தாருங்க, இதுல நீங்க கையை வெச்சீங்களா?’

ஆமான்னேன்.

‘உப்பு கரிக்குது. வாயில வைக்க முடியலை. இதையா நோம்பாளிங்க குடிக்கப் போறாங்க?’

உனக்கு நாக்கு செத்துப் போச்சுடின்னேன்.

அவ உக்காந்துட்டா. மெதுவாச் சொன்னா. ‘எனக்கு இல்லை. உங்களுக்குத்தான். அந்தக் காய்ச்சலோட போச்சு. ஒரு வருஷமா உங்க தட்டுல நீங்க கொட்டிக்கிற உப்பைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஊதுவத்தி கொளுத்தினா வாசனை தெரியுதா உங்களுக்கு? அன்னிக்குப் பால் தீஞ்சு வீடே நாறுச்சு, அடுப்புப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க.’

செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

நோம்பு தொறக்குற நேரம். பள்ளிவாசல் கேட் பக்கத்துல நின்னு பாத்தேன். பாய் விரிச்சு வரிசையா உக்காந்திருக்காங்க. பாங்கு சொல்லியாச்சு. பேரீச்சம்பழத்தை வாயில போட்டாங்க. கிண்ணத்தை எடுத்தாங்க. சார், என் கண்ணால பாத்தேன். மொத வாய்ல ஒவ்வொருத்தன் மொகமும் சுருங்குது. ஒரு பெரியவரு பக்கத்துல இருந்த தண்ணியைக் கஞ்சியில ஊத்திக் கலக்குறாரு. குடிக்கிறாரு. ஒருத்தன் வடையைப் பிச்சுப் போட்டுக் குடிக்கிறான். எல்லாரும் குடிக்கிறாங்க. ஒருத்தனும் கிண்ணத்தைத் தள்ளி வைக்கலை. ஒருத்தனும் எவன்டா இதுக்கு உப்புப் போட்டதுன்னு கேக்கலை. பக்கீரு, அந்தப் பய, ரெண்டாவது கிண்ணம் ஊத்திக்கிறான். தலை நிமிந்தான், என்னைப் பாத்துட்டான். பாத்துட்டு நல்லாருக்குங்கிற மாதிரி தலையை ஆட்டுறான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒருத்தன், ஒரே ஒருத்தன் எந்திரிச்சு வந்து என் சட்டையைப் பிடிச்சிருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அங்கம்மாளைக் கேட்டேன். போன வருஷமும் இப்படித்தானா? அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ‘மாசம் பூரா. நீங்க இந்தப் பக்கம் வந்ததும் தண்ணி ஊத்திச் சமாளிச்சாங்க, நேத்து அதுக்கு நேரம் இல்லை’ன்னா. மாப்ள பொஞ்சாதி இவகிட்ட வந்து கேட்டுச்சாம், அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு. இவ சொல்லியிருக்கா. அவன்கிட்ட போயிருக்கு. அவன் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கான், மச்சான் காதுக்கு இது போகக் கூடாதுன்னு. ஒரு தெரு பூரா தெரிஞ்சிருக்கு சார். ஹஜ்ரத்துக்குத் தெரியும். சவரிமுத்துக்குத் தெரியும். ‘எனக்கு வேணாம் பாய், அது வீரபத்திரண்ணன் வேலை’ன்னு என்னைச் சொல்லி மொதல்ல மாட்டேன்னிருக்கான், மாப்ளதான் கெஞ்சிக் கூட்டிட்டுப் போயிருக்கான். நாக்கு என்னோடது, அது செத்துப் போன சேதி என்னைத் தவிர எல்லாருக்கும் வந்திருக்கு.

நீங்க சொல்லுங்க சார், இது நியாயமா? கூடவே பொறந்து வளந்தவன். மச்சான், உனக்கு உப்புத் தெரியலைடான்னு ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அதைச் சொல்ல வாய் வராம, காலையில இருந்து பட்டினி கெடந்துட்டு வந்து கடல் தண்ணி மாதிரி கஞ்சியைக் குடிப்பானா ஒருத்தன்? குடிச்சதோட இல்லாம, தெருவையே குடிக்க வெப்பானா? நான் என்ன சின்னப் பிள்ளையா? நான் அழுதுருவேன்னு நெனைச்சானா?

ராத்திரி சோறு எறங்கலை. உப்புப் போட்டுக்கலாமா வேணாமான்னு தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். அது தெரிஞ்சதுக்கு அப்புறம் எப்படித் திங்கிறது.

சொல்யூஷன் காஞ்சிருச்சு. ஒட்டிரலாம். கொஞ்சம் தள்ளிக்கங்க, சுத்தியல் தட்டணும்.

இருங்க. கேட்டுச்சா? செவுத்துக்கு அந்தப் பக்கம். மச்சான்னு ஒரு சத்தம். உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா? நாக்குத்தான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு.

மறுபடியும். ‘மச்சான், வா.’

வெக்கம் கெட்டவன். நேத்து அத்தனை பேரு வாயையும் கெடுத்தவனை இன்னிக்குக் கூப்புடுறான் பாருங்க. சவரிமுத்து இல்லையோ? வெள்ளிக்கிழமைன்னா அவன் ஒரு வேளை சுத்தப் பட்டினி கெடப்பான். இன்னிக்குச் செவ்வாய்க்கெழமை. அந்தா உக்காந்திருக்கானே, பேப்பரை விரிச்சுக்கிட்டு. நிமிந்து பாக்குறானா பாருங்க. எனக்கு எதுவுமே கேக்கலைங்கிற மாதிரி எப்படிப் படிக்கிறான் பாருங்க. எல்லாம் பேசி வெச்சிருக்கானுங்க.

நான் போக மாட்டேன். எனக்கு மானம் இருக்கு. இந்தக் கையோட, இந்த வாயோட நான் அந்த அண்டா முன்னாடி போய் எப்படி நிப்பேன்? அவன் கையில ஊத்துவான், நான் நக்குவேன், வெறும் சூடுதான் தெரியும். எல்லாரும் என் மொகத்தைப் பாப்பாங்க. நான் போதும்னு சொன்னா என்னை நம்பி எறக்குவான் அந்தப் பய. கரிச்சாலும் குடிப்பானுங்க. சப்புன்னு இருந்தாலும் குடிப்பானுங்க. இனிமே அதை நான் பாக்க முடியாது சார். சத்தியமா முடியாது.

இந்தா, மூணாவது தடவை கூப்புடுறான். விட மாட்டான் போல.

சார், உங்களை ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க நோம்பு இல்லையே? தவக்காலம் அது இதுன்னு ஒண்ணும் இல்லையே? கறி திம்பீங்கள்ல? வெத்தலை, பாக்கு, பான்பராக்கு ஏதாவது போட்டீங்களா? எங்க, நாக்கைக் காட்டுங்க. சரி, சுத்தமாத்தான் இருக்கு.

எந்திரிங்க. என்கூட வாங்க. எங்க சித்தப்பா மகன்னு சொல்றேன், நீங்க ஆமான்னா போதும். நான் மொதல்ல பாப்பேன். அப்புறம் தம்பிக்கும் கொஞ்சம் ஊத்துடான்னு சொல்லுவேன். நீங்க நக்கிப் பாருங்க. கொறைச்சலா இருந்தா தலையைச் சொறிங்க. ஜாஸ்தின்னா இருமுங்க. சரியா இருந்தா சும்மா நில்லுங்க. வாயை மட்டும் தொறந்துறாதீங்க, சொல்றது நானா இருக்கணும்.

கண்டுபிடிச்சிருவானா? கண்டுபிடிப்பான். அவன் என்ன மடையனா. பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவான். ஆனா காட்டிக்க மாட்டான் சார். தெரியாத மாதிரி நிக்கிறதுக்கு அந்தப் பயலை மிஞ்ச இந்த ஊருல ஆள் கெடையாது. வாங்க, வண்டி எங்கயும் போயிராது, வந்து காத்து அடிச்சுத் தர்றேன்.